பப்பாளியில மாவுப்பூச்சி, நான் பண்ணுன கிறுக்குத்தனம்

எங்கூட்டுப் பொடக்காளில மூணு பப்பாளி நிக்குதுங்க. யாரும் வெதச்சதில்ல, குப்பைமேட்டுல தானா மொளைச்சதுதான். மூணுல ஒண்ணு ஆண் மரம், பூவா தொங்குமே ஒழிய காய் கெடையாது, அதை வெட்டிப்போடுன்னு அம்மா ஒரு வருசமா சொல்லிட்டிருக்காங்க.

மாசி கடைசில வெயில் ஏறுனதும் குருத்தெல்லாம் சுருள ஆரம்பிச்சுது. இலையைத் திருப்பிப் பார்த்தா அடியில பஞ்சை ஒட்டுன மாதிரி வெள்ளையா அப்பியிருக்குது, காயைத் தொட்டா விரல் பிசுபிசுங்குது, அந்தப் பிசினு மேல அடுப்புக்கரி மாதிரி கருப்பு படிஞ்சு கெடக்குது, தண்டு மேல எறும்பு வேற சாரை சாரையா போயிட்டிருக்குது. நேரா மருந்துக்கடைக்குப் போனேன். அவரு ஒரு டப்பாவைக் குடுத்து, அடிங்க, மூணு நாள்ல சுத்தமாயிரும்னாரு. ஆச்சுங்க, சுத்தமாத்தான் ஆச்சு. பதினஞ்சாம் நாள் பார்த்தா முன்னைக்கும் எச்சா அப்பியிருக்குது!

உடுமலைப் பக்கம் எங்க சித்தப்பா மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளக்குறாரு. போன் பண்ணுனா, "ஏன் கண்ணு மருந்தடிச்ச"ன்னு ஒரே சத்தம். மெக்சிகோ பக்கத்துப் பூச்சியாம் இது, இந்தியாவுல மொதல்ல கண்ணுல பட்டதே 2008ல நம்ம கோயமுத்தூர்லதான். அடுத்த ரெண்டு வருசம் மல்பெரி, குச்சிக்கிழங்கு, பருத்தின்னு எதையும் விட்டு வெக்கலை. மல்பெரிக்கு மருந்தடிச்சா அந்த எலையைத் திங்குற பட்டுப்புழு செத்துப்போகும், அடிக்காட்டி எலையே இருக்காது, அப்படி மாட்டிக்கிட்டு முழிச்சதைச் சொன்னாரு. 2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து ஒட்டுண்ணிக் குளவி கொண்டு வந்து விட்டப்புறந்தான் அடங்குச்சாம். குளவின்னா கொட்டுற குளவி இல்லைங்க, கடுகை விடச் சின்னது, மாவுப்பூச்சிக் குஞ்சுக்குள்ள முட்டை வெச்சுரும், உள்ள பொரிக்கிற புழு அதைத் தின்னே வளரும். நான் அடிச்ச மருந்து மெழுகு மாவுக்குள்ள இருந்த முட்டைப்பையை ஒண்ணும் பண்ணலை, இந்தக் குளவியைத்தான் கொன்னுருக்குது.

சரின்னு மருந்தை ஓரங்கட்டிட்டு, ரொம்ப அப்பியிருந்த இலையை அறுத்து எரிச்சேன், கொழாய்ல பைப்பை மாட்டி வேகமா பீய்ச்சி அடிச்சேன், பழைய வேட்டித்துணில கிரீஸ் தடவி எறும்பு ஏறாம தண்டுல சுத்திக் கட்டுனேன். எறும்பு அந்தப் பிசினுக்கு ஆசைப்பட்டு மாவுப்பூச்சிக்குக் காவல் நிக்கும், எதிரி வந்தா வெரட்டி விட்டுரும். காம்பவுண்டு ஓரத்துச் செம்பருத்தியிலயும் இதே பூச்சி, அதையும் கவாத்து பண்ணியாச்சு.

மிச்சத்தைப் பழைய டூத் பிரஷ்ல சோப்புத் தண்ணி தொட்டுத் தேய்க்க உக்காந்தேன். அதுல பெருசு பெருசா, நூல் நூலா வெள்ளை மயிரோட ஓடுறதெல்லாம் தாய்ப்பூச்சி போலன்னு தேடித்தேடி நசுக்கிட்டிருந்தேன். ஒரு இருவது இருக்கும். ஒண்ணைப் படம் புடிச்சு சித்தப்பாவுக்கு அனுப்புனா, "கண்ணு, அது மாவுப்பூச்சியைத் திங்குற பொறிவண்டோட புழு, அதையுமா கொன்னுட்ட?"ங்குறாரு. போங்க! குச்சில லேசாத் தொட்டுப் பாருங்க, மாவுப்பூச்சின்னா அசையறதே பெருசு, இது விறுவிறுன்னு ஓடும்.

இப்ப ஒரு மரத்துல சுருளாத குருத்து ரெண்டு வந்துருக்குது. ஆண் மரத்து இலை மேல நேத்து பழுப்பா ஒரு கூட்டுப்புழு, பக்கத்துல போய்ப் பார்த்தா அச்சு அசலா குரங்கு மூஞ்சி, கண்ணு மூக்கெல்லாம் இருக்குது. மாவுப்பூச்சியவே தின்னு வளர்ற ஒரு வண்ணத்துப்பூச்சியோடதாம். அம்மா அருவாளைச் சாணை புடிச்சு வெச்சுட்டாங்க. குரங்கு வெளிய வர்ற வரைக்கும் மரத்தைத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.