இளஞ்சிவப்பு நுரை

7 அக்டோபர் 2024, பாயான் லெப்பாஸ், பினாங்கு

பல் துலக்கிவிட்டுச் சின்னவள் துப்பிய நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. "பிரஷ் குத்திவிட்டதம்மா" என்றாள். மூன்று நாளாகவா குத்தும்? கைப்பேசி விளக்கில் பார்த்தேன். கீழ்ப்பற்களை ஒட்டி ஈறு தடித்து, சிவந்த நூல் கட்டியதுபோல் இருந்தது.

அவளுக்கு முதல் வகை இனிப்புநீர் (நீரிழிவு) வந்து இரண்டு ஆண்டுகள். கண், கால், சிறுநீரகம் எல்லாம் சொன்னார்கள். வாயைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

9 அக்டோபர்

ஜார்ஜ் டவுனில் பல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் எச்சிலிலும் ஈற்றிடுக்கில் ஊறும் நீரிலும் ஏறுகிறது. கிருமிகளுக்கு அதுவே தீனி. சிறுநீர் அதிகம் பிரிந்து வாய் வறள்வதால் பல்லைக் கழுவும் எச்சிலும் குறைகிறது. ஈற்றில் அழற்சி வந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் சர்க்கரை இன்னும் ஏறலாம். சென்ற மாதம் காலைதோறும் இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 13, 14 மில்லிமோல் என்று உயர்வாகக் காட்டியபோது நான் ஊசியின் அளவை மட்டுமே சந்தேகித்தேன்.

13 அக்டோபர், அதிகாலை 3 மணி

சர்க்கரை 3.2க்கு இறங்கிவிட்டது, மிகவும் குறைவு. எழுப்பி உட்காரவைத்து ஆப்பிள் சாறு கொடுத்தேன். 15 நிமிடத்தில் 5.1. வழக்கமாக அப்படியே படுக்கவைப்பேன். உறக்கத்தில் எச்சில் மிகவும் குறைந்துவிடுமாம். எத்தனை இரவுகள் அந்தச் சாறு விடியும்வரை பல்லிலேயே கிடந்ததோ! சாற்றை நிறுத்த முடியாது. அது அவளுக்கு மருந்து. சர்க்கரை ஏறியதை உறுதி செய்துகொண்டு ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து, வாயைக் கொப்பளிக்கச் சொன்னேன். அரைத் தூக்கத்தில் என் கைமேலேயே துப்பினாள். துப்பட்டும்.

30 அக்டோபர்

நாளை தீபாவளி. "பிள்ளைக்கு ஒரு நெய் உருண்டைகூடக் கொடுக்கக் கூடாதா?" என்று பாட்டிக்கு வருத்தம். கொடுக்கலாம் அத்தை, மதியச் சாப்பாட்டோடு, ஊசிக் கணக்கில் சேர்த்து. நாள் முழுவதும் கொறிப்பதுதான் பல்லுக்குக் கேடு. முறுக்கும் அப்படித்தான்; இனிப்பில்லாவிட்டாலும் மாவு பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்கிறது.

6 நவம்பர்

இரத்தம் நின்றிருக்கிறது. கடைவாய்ப் பல் ஒன்றில் சொத்தை. சனிக்கிழமை காலை 9 மணிக்கு அடைக்கிறார்கள். பசியாறி, இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். வாய் மரத்திருக்கும்போது சாப்பிட்டால் கன்னத்தைக் கடித்துக்கொள்வாள், புண் ஆற நாளாகும். சாப்பிடாமல் ஊசி மட்டும் போட்டாலோ சர்க்கரை இறங்கிவிடும். மரப்பு விட்ட பிறகே மதிய ஊசி. அன்றைக்குக் கஞ்சிதான்.