தொகை எழுதாத தீர்மானம்

பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராகி ஏழெட்டு மாதம் நான் செய்த ஒரே வேலை, தலைமையாசிரியர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதுதான். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. டீ, வடை கொடுத்தார்கள், சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அப்புறம் ஒரு நாள் பாலக்கோட்டில் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். கொல்லையில் தக்காளி பறிப்பு நேரம், ஒரு நாள் கூலி போகுமே என்று எங்கள் குழுவில் பாதிப் பேர் வரவில்லை, நானும் முனகிக்கொண்டேதான் பஸ் ஏறினேன்.

காலையில் 2009 கல்வி உரிமைச் சட்டம். குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று நாங்கள்தான் பார்க்க வேண்டும் என்றெல்லாம் 21ஆவது பிரிவிலேயே இருக்கிறதாம். அடக் கடவுளே, இத்தனை நாள் நான் போட்ட கையெழுத்து அந்தக் கணக்குக்கா!

மதியம் போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் போலீசில் சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை, பள்ளிப் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஒரு வருஷம் வரை. "பள்ளிக்கூடத்துப் பேர் கெட்டுடும், நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்" என்று சொல்கிற ஊர்ப் பெரியவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். 2024இல் பக்கத்துக் கிருஷ்ணகிரியில் போலி என்சிசி முகாம் வழக்கில், விஷயத்தை மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்களே, அதைச் சொன்னபோதுதான் அறை அமைதியானது.

அடுத்தது குழந்தைத் திருமணம். நடத்தி வைத்தவருக்கு 2 வருஷம் வரை கடுங்காவல் என்றதும், காலையிலிருந்து கலகலவென்று பேசிக்கொண்டிருந்த பக்கத்து இருக்கை அக்கா வாயே திறக்கவில்லை. வெளியே வந்ததும், குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் பண்ணினால் யார் சொன்னது என்று வெளியே தெரியுமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். எந்த வீட்டுக் கல்யாணம் என்று நான் கேட்கவில்லை.

இந்தப் பயிற்சி முடிக்காதவர் கையெழுத்து செல்லாது என்று கட்டாயமாக்கினால் நல்லது. ஆனால் அன்றைய கூலியைக் கையில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வசதியானவர்கள் மட்டும்தான் வருவார்கள்.

போன வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நோட்டை வாங்கிப் படித்தேன். கழிவறைக் குழாய் பழுது பார்ப்பதற்கான தீர்மானம், தொகை எழுதும் இடம் காலி. "எழுதிக் குடுங்க சார், அப்புறம் போடுறேன்" என்றேன். கூட்டம் முடிய வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது.