வாயிலோன் ஏன் இத்தனை தரம் வாழி சொன்னான்?

பள்ளியில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த ஆசிரியர், நாங்கள் ‘தமிழ் சேர்’ என்று அழைத்தவர், காலமான செய்தி போன மாசியில் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. அன்று முழுக்க அஞ்சலி எழுதிக்கொண்டிருந்தோம். டொரோண்டோவில் இருப்பவனும் மெல்பேணில் இருப்பவனும் சொல்லி வைத்தாற்போல ஒன்றைத்தான் எழுதினார்கள்: செவ்வாய்க்கிழமை ஆறாம் பாடவேளை, சேருடைய வகுப்பு. சேருடைய பிறப்பு, பட்டம், பதவிகளை முறையாக எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர் எங்களுக்கு வாசிக்கக் கற்றுத் தந்ததைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

அவருக்கு ஒரு விதி உண்டு. பாட்டை வாய்விட்டு ஒழுங்காக வாசிக்காதவனுக்குப் பொருள் சொல்ல மாட்டார். “பொருள் எங்கயும் ஓடிப் போகாது மனே. மறுகா ஒருக்காப் படி” என்பார். மற்ற வகுப்புகளில் பொழிப்புரையைச் சொல்லச் சொல்ல எழுதினோம். அதுதான் இலக்கியப் பாடம் என்று நினைத்திருந்தோம். இவர் செய்யுளைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் குறிகள் போடத் தொடங்குவார். மூச்சு விடும் இடத்தில் ஒரு சாய்கோடு, நிறுத்தும் இடத்தில் இரண்டு, குரல் எழும்ப வேண்டிய இடத்தில் சின்ன வட்டம். சீர் முடிகிற இடமெல்லாம் மூச்சு முடிகிற இடம் இல்லை என்பதை அந்தக் கோடுகளில்தான் கண்டோம். அகவல் என்றால் என்ன ஓசை என்று வரைவிலக்கணம் எழுதியவர்கள் பலர். அது காதில் விழுந்த பிறகு எழுதியவர்கள் எங்கள் வகுப்புக்காரர்.

சேர் அறுபதுகளில் பேராதனையில் படித்தவர். பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோன காலம் அது. ‘இராவணேசன்’ 1964இல் மேடையேறியபோது, படிப்பும் கூத்தும் ஒரே களரியில் நிற்கலாம் என்பது தனக்கு உறைத்ததாகச் சொல்வார். அப்புறம் விபுலாநந்த அடிகளிடம் வந்துவிடுவார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் தமிழ் நாடக மரபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 1926இல் ‘மதங்க சூளாமணி’ தந்தவர் நம் காரைதீவில் பிறந்தவர். அவருடைய படத்துக்கு மாலை போட்டுவிட்டு நாம் வாயை மூடிக்கொண்டு இலக்கியம் படிக்கலாமா என்று கேட்பார்.

1982இல் எங்களுக்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை எடுத்தார். மட்டக்களப்புப் பெடியன்களுக்குக் கண்ணகி பாடப்புத்தகத்தில் வந்தவள் இல்லை. வைகாசி பிறந்தால் ஊரூராகக் கண்ணகை அம்மன் சடங்கு. கோவிலில் உடுக்கு ஒலிக்க அவள் கதையைச் சொல்லும் ‘கண்ணகி வழக்குரை’ படிப்பார்கள், கடைசியில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு. அதனால் வகுப்பில் கண்ணகியின் வரிகளை வாசிக்க ஒருவனும் எழும்பவில்லை. மத்தியானம் மச்சம் (மீன், இறைச்சி) தின்றுவிட்டு அம்மனுடைய சொல்லைச் சொல்ல மாட்டேன் என்று ஒருவன் வெளிப்படையாகவே சொன்னான். சேர் அவனை வற்புறுத்தவில்லை, மற்றவர்களைச் சிரிக்கவும் விடவில்லை. அவனுக்குப் பாண்டியனைக் கொடுத்தார். ‘பொன்செய் கொல்லன் தன்சொற் கேட்ட’ வரையில் ஒரே மூச்சு, பிறகு நீளமாக ஒரு மௌனம், அதற்குப் பிறகே ‘யானோ அரசன்’. அந்த மௌனத்தில் அரசன் செத்துப்போகிறான், விழுவது பிறகுதான் என்றார். கண்ணகியைச் சேரே வாசித்தார். ‘வாயிற் கடைமணி நடுநா நடுங்க’ என்று அவர் சொன்னபோது மணியின் நாக்கு எங்கள் வாய்க்குள் அடித்தது.

ஆனால் அந்தக் காதையில் அவருக்கு மிகவும் பிடித்தவன் வாயிலோன், பாண்டியனின் அரண்மனை வாயில்காப்பவன். உரைகாரர்கள் விரைவாகக் கடந்து போகிற ஆள். ‘வாழியெங் கொற்கை வேந்தே வாழி’ என்று தொடங்கி நான்கு வரிக்குள் ஆறு தரம் வாழி சொல்கிறான். ஏன் என்று கேட்டார். மரியாதைக்கு என்றோம். “மரியாதைக்கு ஒண்டு காணும். மற்ற அஞ்சும் எதுக்கு?” பதில் சொல்லாமல், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருந்து வரும் எங்கள் நண்பனை எழுப்பினார். தினமும் மண்முனைத் துறையில் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகு ஏறி வருபவன். வகுப்பில் அதிகம் பேசமாட்டான், பரீட்சையில் பெரிய புள்ளிகளும் இல்லை. அவனுடைய மாமா கூத்துப் பழக்கும் அண்ணாவியார். அவனும் சின்ன வயதிலேயே சதங்கை கட்டியவன்.

அவன் முதலில் வாயிலோனைக் கட்டியகாரன் போல வாசித்தான். அரசன் வருகிறான் என்று அறிவிக்கும் அதே கம்பீரம், கால் தானாகத் தாளம் போட்டது. சேர் மேசையில் மத்தளச் சொற்கட்டைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “கால் சரி மனே. ஆனா கட்டியகாரன் ராசா வாறதைச் சொல்றவன். இவன் ராசாவுக்குச் சாவு வாறதைச் சொல்றவன். வாசல்ல அவளைக் கண்டிட்டு ஓடி வந்திருக்கான்.” நண்பன் இரண்டாம் முறை வாசித்தான். ஒவ்வொரு வாழியும் சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போட்டது. கொற்றவை அல்லள், காளி அல்லள் என்று ஒவ்வொரு தெய்வமாக விலக்கிக்கொண்டு போய், கடைசியில் ‘கணவனை இழந்தாள் கடையகத் தாளே’ என்று வந்தபோது அவனுக்குக் குரல் வரவில்லை. அந்த வரி காப்பியத்தில் இரண்டு தரம் வருகிறது. முதல் தரம் சொன்னது வாய்க்குள்ளேயே நின்றதால்தான் திரும்பவும் சொல்கிறான் என்று எங்களுக்கு அப்போது விளங்கியது. எந்த உரைநூலிலும் நான் அதைப் படித்தது இல்லை.

அடுத்த வாரம் அதே பாடவேளையில், அவன் மறுபடி வாசித்துக்கொண்டிருந்தபோது மேற்பார்வைக்கு வந்த கல்வி அதிகாரி ஒருவர் வாசலில் வந்து நின்றார். “இது பாடசாலையா, கூத்துக் களரியா?” என்று கேட்டார். பாடக்குறிப்புப் புத்தகத்தை வாங்கி எங்கள் முன்னாலேயே பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு நண்பனைப் பார்த்து, இப்போது வாசித்த பகுதிக்குப் பொழிப்புரை சொல்லச் சொன்னார். அவன் நடுங்கிப்போய் நின்றான். “ஆட்டம் வருது, படிப்பு வரேல்லை” என்றார் அதிகாரி.

சேர் அவனுடைய தோளைத் தொட்டு, “நீ இரி மனே, நான் சொல்றன்” என்றார். கையில் வெண்கட்டியோடு, ஒரு மாணவன் போல நேராக நின்று, அந்தப் பகுதி முழுவதற்கும் பொழிப்புரையை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தார். ஐம்பது வயதை நெருங்கிய மனிதர். அதிகாரி தலையை ஆட்டிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார். நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. சேர் திரும்பிக் கரும்பலகையைத் துடைத்தார், அன்று வேறொன்றும் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு பாடத்தின் முதல் பாதியில் குறிப்புச் சொன்னார், மறுபாதியில் வாசிப்பு. “அவர் கேட்டதும் நியாயந்தான், சோதினையில எழுதத்தானே வேணும்” என்று மட்டும் சொன்னார். எனக்கு அது இன்றுவரை நியாயமாகப் படவில்லை. கேட்பதற்காக உண்டாக்கிய ஒன்றைக் கேட்காமலே பொருள் எழுதுகிற பிள்ளை, புள்ளி எடுத்தபின் அந்தக் கொப்பியைத் திறக்கப்போவதில்லை. சேரிடம் படித்தவர்கள் அறுபது வயதிலும் வழக்குரை காதையை மனதில் வைத்திருக்கிறோம். மனப்பாடம் செய்யச் சொல்லி அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் 1985இல் லண்டன் வந்தேன். வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாம் இங்கே அமைந்தன, அதற்கு நன்றியுடையவன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கத் தொடங்கியபோது சேருடைய முறை ஒன்றுதான் என் கையில் இருந்தது. இங்கே பிறந்த பிள்ளைகள் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள், அதனால் வாயிலோனின் வரிகளைக் காதால் கொடுத்தேன். ஒரு சிறுமி முதல் வாழியை உரத்துச் சொல்லி, ஒவ்வொன்றாகக் குரலைக் குறைத்து, ஆறாவதை முணுமுணுப்பாக முடித்தாள். எங்கள் வகுப்பில் யாரும் அப்படி வாசித்தது இல்லை. சேர் கேட்டிருந்தால் ஒரு பாடவேளை முழுக்க அதைப் பற்றியே பேசியிருப்பார். தொலைபேசியில் சொல்லலாம் என்று எடுத்தபோது அவருக்குக் காது கேட்பது குறைந்துவிட்டது, மகள்தான் வாங்கிச் சொன்னார். இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு ஒரு வாசிப்பை எப்படிச் சொல்லிக் காட்டுவது?

படுவான்கரை நண்பன் ஊரைவிட்டு வரவில்லை. மாமாவுக்குப் பிறகு அவன்தான் அந்த ஊர் அண்ணாவியார். மண்முனையில் 2014இல் பாலம் வந்துவிட்டது, இப்போது பாதை ஏற வேண்டியதில்லை. சேருடைய அந்தியேட்டிக் கிரியையன்று அவன் மத்தளத்தோடு போய் வழக்குரை படித்ததாகக் கேள்விப்பட்டேன். அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை.

எங்கள் பழைய மாணவர் சங்கம் சேருடைய பெயரில் பள்ளிக்குத் திறன்பலகை வாங்கிக் கொடுக்க யோசிப்பதாக அறிகிறேன். நல்லது. அதோடு, நண்பனை மாதம் ஒரு முறையாவது உயர்தர வகுப்புக்கு அழைத்து வாசிப்பு நடத்த ஒரு சிறு தொகை ஒதுக்கும்படி கேட்கிறேன். அவன் சம்மதித்துவிட்டான், போக்குவரத்துச் செலவுதான் கேட்டான். சேர் சாய்கோடும் வட்டமும் போட்டுத் தந்த பாட்டுக் கொப்பிகள் உங்களில் யாரிடமாவது இருந்தால், ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து இந்த மலரைத் தொகுக்கும் குழுவுக்கு அனுப்புங்கள். என்னுடையது 1990 இடம்பெயர்வில் வீட்டோடு போய்விட்டது.