எத்தனாவது ஆறு?

என் வீட்டுக்காரி ஓசூரைத் தாண்டி வடக்கே போனதில்லை. ஆனால் நாமக்கல்லில் இருந்து நாக்பூர் போகிற வழியில் என்னென்ன பெரிய ஆறு வரும் என்று வரிசையாகச் சொல்லுவாள். கர்னூலில் துங்கபத்திரை, பீச்சுப்பள்ளியில் கிருஷ்ணா, நிர்மலுக்கு முன்னால் கோதாவரி, ஆதிலாபாத் தாண்டினால் பெங்கங்கா. ராத்திரி போன் போட்டால் ஊர்ப் பெயரைக் கேட்க மாட்டாள். "ஏனுங்க, எத்தனாவது ஆறு?" என்பாள். மூணு தாண்டியாச்சு என்றால் போதும், லோடு எப்போது இறங்கும், நான் எப்போது திரும்புவேன் என்று அவளே கணக்குப் போட்டுக்கொள்வாள்.

2019 ஆவணி பிறந்த கையோடு போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள், ஆறே நாள். சாம்பலை மோகனூரில் காவிரியில் கரைத்தோம்.

காரியம் முடிந்த பிறகுதான் வீட்டில் இருக்க முடியவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த ஆறு நாளையும் முதலில் இருந்து சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல, 27 வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள் வெறும் காய்ச்சலாகவும் ஆஸ்பத்திரிக் கட்டிலாகவும் சுருங்கிக்கொண்டே போனாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இருபதாம் நாள் முதலாளியிடம் போய் நின்றேன். "ஒரு மாசம் வீட்ல இருந்துட்டு வாப்பா" என்றார். "வண்டியிலயே இருந்துக்கறனுங்க" என்றேன். மகாராஷ்டிராவில் நவராத்திரி விரதத்துக்கு ஜவ்வரிசி நிறையப் போகும் நேரம் அது. சேலத்தில் லோடு காத்திருந்தது, 90 கிலோ மூட்டைகள். துணைக்குக் கிளீனர் பையனை அனுப்புகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகளுக்கு அதில் கோபம்தான்.

தார்ப்பாய் போட்டுத் தனியாகவே கயிறு கட்டினேன். ஒரு பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டு, இறங்கி, சுற்றி வந்து, மறுபக்கம் இழுக்க வேண்டும். இருவர் செய்கிற வேலை. உள்ளங்கை காந்தியது. அன்றைக்கு அந்த வலி வேண்டியிருந்தது.

கர்னூலை விடிகாலையில் பிடித்தேன். துங்கபத்திரைப் பாலத்தில் ஏறியபோது, என்னையறியாமல் "ஒண்ணு" என்று வாய்விட்டுச் சொன்னேன். அவள் போனதற்கு அப்புறம் அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். பாலம் இறங்குவதற்குள் கண் மறைத்துவிட்டது. ஒரு பங்க்கில் ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, வெயில் ஏறும் வரைக்கும் அழுதேன். டீ கொண்டு வந்த பையன் கிளாஸை வைத்துவிட்டுப் போனான். எதுவும் கேட்கவில்லை. பீச்சுப்பள்ளியில் "ரெண்டு" என்றபோது குரல் உடையவில்லை.

துக்கத்தில் இருப்பவனைத் தனியாக விடக் கூடாது என்பார்கள். பலருக்கு அது சரியாக இருக்கலாம். எனக்குத் தனியாக இருந்தபோதுதான் அவள் முழுசாகத் திரும்ப வந்தாள்: சிரித்தவள், சண்டை போட்டவள், அரிசி விலை ஏறியதற்கு என்னைத் திட்டியவள். கேபினில் அவளுக்கு இடம் இருந்தது. வீட்டில் பாய் விரித்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

வேலையும் தாங்கிப் பிடித்தது. கோழிப்பண்ணைகளுக்குச் சோயா புண்ணாக்கு ரிட்டன் லோடு ஏற்றி வரும்போது தொப்பூர் இறக்கம் இருக்கிறது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டு இறக்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். எத்தனையோ வண்டிகள் அங்கே கவிழ்ந்திருக்கின்றன. கீழ் கியரில், எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இறக்க வேண்டும். அந்த நேரத்தில் மனசு வேறெங்கும் போகாது.

இன்னமும் அதே 44ஆம் எண் சாலையில்தான் ஓட்டுகிறேன், தனியாகத்தான். போகும்போது நாலு ஆற்றையும் சொல்லிவிடுவேன். திரும்பும்போது அவள் ஆறு எண்ண மாட்டாள், ஓசூர் வந்ததும் சொல்லச் சொல்லுவாள், உலை வைக்க. இப்போதும் ஓசூரில் வண்டியை ஓரங்கட்டுகிறேன். ஸ்டவ்வைப் பற்ற வைத்து, ஒரு டம்ளர் அரிசி களைந்து போட்டு, சோறு வடித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் தொப்பூர் இறங்குவேன்.