நுரை வந்தால் பெராக்சிசோம் இருக்கிறதென்று அர்த்தமா?

பிளஸ் டூ பிள்ளைகளில் பலர் பெராக்சிசோமையும் லைசோசோமையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். இரண்டுமே செல்லுக்குள் இருக்கும் ஒற்றைச் சவ்வுப் பை, உள்ளே நொதிகள். குழப்பம் நியாயம்தான். ஆனால் லைசோசோமின் உள்ளே பிஎச் 5-ஐ ஒட்டிய அமிலம். அங்கே நடப்பது நீராற்பகுப்பு, அதாவது தண்ணீரைச் சேர்த்து மூலக்கூறை உடைப்பது. பெராக்சிசோமில் அந்த அளவு அமிலம் இல்லை; இங்கே ஆக்ஸிஜனேற்றம்.

விட்டம் 0.1 முதல் 1 மைக்ரான். 22 கார்பனும் அதற்கு மேலும் உள்ள கொழுப்பு அமிலங்கள் இங்கேதான் முதலில் நறுக்கப்படுகின்றன. முதல் படியிலேயே எலக்ட்ரான்கள் நேராக ஆக்ஸிஜனுக்குப் போய்விடுவதால் அந்தப் படியில் ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) லாபம் கிடையாது, ஹைட்ரஜன் பெராக்சைடுதான் மிச்சம். அதை அங்கேயே கேட்டலேஸ் என்ற நொதி தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் உடைத்துவிடும்.

இதைக் காட்டத்தான் ஈரல் சோதனை. நம்மூர் மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பெரும்பாலும் 6 சதவீதக் கரைசல்; லேபிளைப் பார்த்து, சம அளவு தண்ணீர் விட்டு 3 ஆக்குங்கள். சோதனைக் குழாயில் 5 மில்லி, அதில் பட்டாணி அளவு ஆட்டு ஈரல். இன்னொரு குழாயில் நன்றாக வேகவைத்த ஈரல். பச்சை ஈரல் பொங்கும், வெந்தது கம்மென்று கிடக்கும். பொங்குவது ஆக்ஸிஜன்தானா என்று அணையும் தறுவாயில் உள்ள ஊதுபத்தியை உள்ளே காட்டினால் தெரியும். குப்பென்று கனல் ஏறும். நுரையே வரவில்லையென்றால் ஈரலைக் குறை சொல்லாதீர்கள். சென்னை மே மாத வெயிலில் திறந்து வைத்த பாட்டிலில் பாதி தண்ணீராகியிருக்கும்.

நுரை கேட்டலேஸைக் காட்டும், பெராக்சிசோமைக் காட்டாது. முதல் காரணம் ரத்தம். ஆட்டின் முதிர்ந்த சிவப்பணுவில் எந்த நுண்ணுறுப்பும் கிடையாது, கேட்டலேஸ் மட்டும் தாராளம். ஈரலைக் கழுவாமல் போட்டால் அதுவும் சேர்ந்து பொங்கும்.

இரண்டாவது காரணம் இன்னும் சுவையானது. பெராக்சிசோமுக்குச் சொந்த டிஎன்ஏ இல்லை. நொதிகள் வெளியே சைட்டோசாலில் (நுண்ணுறுப்புகளைச் சுற்றியுள்ள செல் திரவத்தில்) உருவாகி உள்ளே வருகின்றன. பெரும்பாலானவற்றின் வால்நுனியில் செரின்-லைசின்-லியூசின் அல்லது அதைப் போன்ற மூன்று அமினோ அமிலங்கள்தான் முகவரிச் சீட்டு. பெக்ஸ்5 என்ற புரதம் அதைப் படித்துக் கூட்டிவருகிறது, அதுவும் மடிந்து முடிந்த புரதத்தையே. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையப் புரதம் மடிப்பு விரிய வேண்டும். இங்கே அந்தக் கட்டாயமில்லை.

பெக்ஸ்5 போன்ற புரதங்களுக்கான பெக்ஸ் மரபணுக்கள் பழுதானால் வருவது ஜெல்வெகர் நோய்த்தொகுதி என்ற பரம்பரை நோய். அந்தச் செல்களில் வெற்றுச் சவ்வுப் பைகள்தான் கிடக்கும். கேட்டலேஸோ வெளியே சைட்டோசாலில் நின்றபடி வேலை செய்யும். அந்தச் செல்லும் நுரைக்கும். அதனால்தான் மருத்துவர்கள் ரத்தத்தில் 26 கார்பன் கொழுப்பு அமிலம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள்; தோல் செல்லை வளர்த்து, ஒளிரும் சாயமேற்றி, கேட்டலேஸ் புள்ளி புள்ளியாக இருக்கிறதா, செல் முழுக்கப் பரவிக் கிடக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.