பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்

ஜனவரி 9

ஆன்டிபயாட்டிக் முடிந்து பதினோரு நாட்கள் ஆகிவிட்டன. அது முடிந்துவிட்டது என்பதை வயிறு மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இன்று மாலை மருந்துக்கடை அலமாரியின் முன் முக்கால் மணி நேரம் நின்று, வயிற்றுக்கு நல்லது செய்யும் என்று உயிருள்ள நுண்ணுயிர்களை அடைத்து விற்கும் எட்டுப் புரோபயாட்டிக் பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். எட்டிலும் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஓர் எண் இருந்தது. பில்லியன் என்று அச்சிட்டிருந்ததைக் கோடிக்கு மாற்றிப் பார்த்தேன்: 500 கோடி, 1000 கோடி, 2500 கோடி, 5000 கோடி. வரவு செலவுத் திட்டத்தில் மட்டுமே நான் பார்த்திருக்கும் தொகைகள் ஒரு சிறு கேப்சூலுக்குள் உயிரோடு இருப்பதாகச் சொல்கிறார்கள். கடையில் இருந்த பெண் உதவி வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, மூன்றாம் முறை கேட்காமல் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஒன்றையும் வாங்காமல் திரும்பினேன்.

ஜனவரி 10

இன்று பேதி ஐந்து முறை.

ஜனவரி 12

எண்ணை விட்டுவிட்டுப் பெயரைப் பார்க்க வேண்டும் என்று இப்போது புரிகிறது. லேபிளில் பேரினப் பெயர், சிற்றினப் பெயர் என இரண்டு இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் சில எழுத்துகளோ எண்களோ வர வேண்டும். அந்த வாலைத்தான் ஸ்ட்ரெயின் என்கிறார்கள். ஒரே வகுப்பில் மூன்று கண்ணன்கள் இருந்தால் முன்னெழுத்து இல்லாமல் யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று சொல்ல முடியாதல்லவா, அது போலத்தான் இதுவும். லாக்டோபாசில்லஸ் ராம்னோசஸ் என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த ராம்னோசஸ் என்று யாருக்கும் தெரியாது; ஜி.ஜி. என்று சேர்த்து எழுதினால்தான், 1983இல் கோர்பாக், கோல்டின் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மனிதக் குடலிலிருந்து பிரித்தெடுத்த அந்தக் குறிப்பிட்ட நுண்ணுயிர் என்று தெரியும். அந்த இரண்டு 'ஜி'யும் அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளே. கைக்குழந்தைகளின் வயிற்றுவலிக்காக ஆராயப்பட்ட லாக்டோபாசில்லஸ் ராய்ட்டெரியின் வால் டி.எஸ்.எம். 17938; அந்த ஆய்வின் பலனை வால் இல்லாத வேறொரு ராய்ட்டெரி தன் பெயரில் எழுதிக்கொள்ள முடியாது.

இதற்கு மேல் ஒரு குழப்பமும் உண்டு. 2020இல் லாக்டோபாசில்லஸ் என்ற பெரிய பேரினத்தையே 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். ராம்னோசஸ் இப்போது லாக்டிகேசிபாசில்லஸ், ராய்ட்டெரி லிமோசிலாக்டோபாசில்லஸ். சில பெட்டிகளில் பழைய பெயரும் சிலவற்றில் புதிய பெயரும் இருப்பதால், ஒரே நுண்ணுயிரை இரண்டாக எண்ணி ஒரு மணி நேரத்தை வீணாக்கினேன். நல்லவேளையாக வாலை யாரும் மாற்றவில்லை.

நான் பார்த்த எட்டில் வால் இருந்தவை இரண்டு.

ஜனவரி 13

அக்கா தொலைபேசியில் பேசினாள். பிப்ரவரி 2 அன்று வந்து மூன்று வாரம் தங்குவதாக முடிவாகியிருக்கிறது. நான் எதைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டவள், "எனக்கும் ஒரு டப்பா வாங்கி வை, இந்த மருந்துகளால் என் வயிறும் ஒரு வழியாகிவிட்டது" என்றாள். வாங்கி வைக்கிறேன் என்று சொன்னேன்.

ஜனவரி 15

மறுபடியும் அந்த எண். பெயர்தான் முக்கியம் என்று எழுதிய பிறகும் 5000 கோடிப் பெட்டியின் ஞாபகம் போகவில்லை. கூடுதலாக இருந்தால் கெடுதல் ஒன்றும் இல்லையே என்று மனம் பேரம் பேசுகிறது. ஆகவே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மனித உடலில் வாழும் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி என்று 2016இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. 1000 கோடி கொண்ட ஒரு கேப்சூல் என்பது அதில் 3800இல் ஒரு பங்கு. 5000 கோடி என்றாலும் 760இல் ஒரு பங்குதான். கூட்டத்தின் அளவைக் காட்டி வெல்வது அவற்றின் வேலை அல்ல. போகிற வழியில் எதையாவது செய்துவிட்டுப் போவதுதான் வேலை. பெரும்பாலானவை குடலில் தங்குவதும் இல்லை. சாப்பிடுவதை நிறுத்திய சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில், மலத்தில் காணாமல் போய்விடுகின்றன.

இதைவிட எனக்குப் பிடித்தது 2006இல் வந்த ஓர் ஆய்வு. எரிச்சல் குடல் நோய் உள்ள 362 பெண்களுக்கு பிஃபிடோபாக்டீரியம் 35624 என்ற ஸ்ட்ரெயினை மூன்று அளவுகளில் கொடுத்திருக்கிறார்கள்: பத்து லட்சம், பத்துக் கோடி, ஆயிரம் கோடி. பலன் தந்தது நடுவில் இருந்த பத்துக் கோடி. ஆயிரம் கோடியை ஏன் வயிறு மதிக்கவில்லை என்று பார்த்தபோது, அவ்வளவு பொடியை அடைத்த கேப்சூல் நீர் பட்டதும் பசை போல் இறுகிக் கரையாமல் நின்றுவிட்டது தெரிந்ததாம். இதைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். பல நாட்களுக்குப் பிறகு சிரித்தது இன்றுதான்.

ஜனவரி 17

மல மாதிரியைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம் என்றார்கள்.

ஜனவரி 18

பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை என்று தெரிந்துதான் அங்கே அச்சிடுகிறார்கள். ஒன்றில் "தயாரிக்கும் நேரத்தில்" 2500 கோடி என்று இருக்கிறது; மற்றொன்றில் "காலாவதித் தேதி வரை" 500 கோடி என்று இருக்கிறது. முதலாவது பிறந்தபோது எடுத்த எடையைச் சொல்கிறது. இரண்டாவது என் கைக்கு வரும்போது என்ன மிஞ்சும் என்பதைச் சொல்கிறது. நான் இரண்டாவதையே நம்புவேன்.

உறைய வைத்து உலர்த்திய நுண்ணுயிருக்கு வெப்பத்தைப் போலவே ஈரமும் பகை. ஒரு பாட்டிலைத் தினமும் திறந்து மூடினால் ஒவ்வொரு தடவையும் ஈரக்காற்று உள்ளே போகிறது. ஒவ்வொரு கேப்சூலும் தனித்தனியாக அலுமினியத் தகட்டுக்குள் இருந்தால் அந்தக் கவலை குறைவு. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தே தீர வேண்டிய வகைகளும் உண்டு, வெளியே வைக்கத் தக்கபடி தயாரித்தவையும் உண்டு. எது எப்படி என்று லேபிள் சொல்ல வேண்டும். பாசில்லஸ் வகைகள் (லாக்டோபாசில்லஸ் அல்ல, இது வேறு) வித்து வடிவில் இருப்பதால் சூட்டையும் அமிலத்தையும் நன்றாகத் தாங்குகின்றன. ஆனால் வயிறு வரை உயிரோடு போய்ச் சேர்வது வேறு, போய்ச் சேர்ந்தபின் பயன் தருவது வேறு.

பதினான்கு வகைகள் கலந்தது என்று பெருமையாகச் சொல்லும் ஒரு பெட்டியில் மொத்த எண்ணிக்கை மட்டுமே இருக்கிறது, எது எவ்வளவு என்று இல்லை. பதின்மூன்றைச் சிட்டிகையாகவும் மலிவான ஒன்றை அள்ளியும் போட்டிருந்தால் யார் கண்டார்கள்?

ஜனவரி 20, இரவு 2 மணி

தூக்கம் இல்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வைப் படித்திருக்கக் கூடாது. ஆரோக்கியமான 21 பேருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு பகுதியினரைச் சும்மா விட்டிருக்கிறார்கள், ஒரு பகுதியினருக்கு 11 ஸ்ட்ரெயின்கள் கொண்ட புரோபயாட்டிக் கொடுத்திருக்கிறார்கள், மீதிப் பேருக்கு முன்கூட்டியே சேமித்து வைத்த அவர்களுடைய சொந்த மலத்தின் நுண்ணுயிர்களையே திருப்பிச் செலுத்தியிருக்கிறார்கள். கடைசிப் பிரிவினர் சில நாட்களில் பழைய நிலைக்கு வந்தார்கள். சும்மா விடப்பட்டவர்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. புரோபயாட்டிக் சாப்பிட்டவர்களின் குடல் ஐந்து மாதங்கள் ஆகியும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

சிறிய ஆய்வு, ஒரே ஒரு கலவை, அவர்கள் நோயாளிகளும் அல்லர். இவையெல்லாம் எனக்குத் தெரிகின்றன. ஆனாலும் பன்னிரண்டு நாட்களாக நான் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிக்கொண்டிருப்பது, என் வயிறு தானாகத் தேறுவதைத் தள்ளிப்போடும் ஒரு பொருளாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடு இந்த நேரத்தில் தனியாக இருப்பது நன்றாக இல்லை. ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்து, முதல் ஓரிரு நாட்களுக்குள் தொடங்கியிருந்தால் பேதியைத் தடுக்கும் வாய்ப்பு அதிகம் என்று இன்னொரு பக்கத்தில் எழுதியிருக்கிறது. மருந்தை எழுதிக் கொடுத்த அன்று அதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜனவரி 21

எதையும் வாங்கப் போவதில்லை.

ஜனவரி 23

வாங்கிவிட்டேன். சாக்கரோமைசிஸ் பூலார்டி, வால் சி.என்.சி.எம். ஐ-745, பொடிப் பொட்டலமாக. இது பாக்டீரியா அல்ல, ஈஸ்ட். 1920களில் ஹென்றி பூலார் என்ற பிரெஞ்சுக்காரர், இந்தோசீனாவில் காலரா பரவிய காலத்தில், லிச்சி, மங்குஸ்தான் பழத்தோல்களைப் பயன்படுத்தியவர்கள் தப்பிப்பதைக் கவனித்து அந்தத் தோல்களிலிருந்து பிரித்தெடுத்தது. என் கணக்கு இதுதான்: பரிசோதனையில், ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு கடும் பேதியைத் தரும் டிஃபிசில் கிருமி வந்தால் மீண்டும் ஒரு சுற்று ஆன்டிபயாட்டிக் உண்டு, பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து ஈஸ்ட்டைக் கொல்லாது. பூஞ்சைக்கான மருந்து மட்டுமே அதைக் கொல்லும். இத்தனை நாள் தேடியதில் எனக்குக் கிடைத்த ஒரே நேர்கோட்டுத் தர்க்கம் இது.

அக்காவுக்கும் ஒரு பெட்டி.

ஜனவரி 24

உணவுடன், ஆறிய நீரில் கரைத்துக் குடித்தேன். சுடுநீரில் கரைத்தால் நாமே கொன்று குடித்ததாகிவிடும். பொட்டலத்தைக் கிழித்தபோது மெல்லிய தூசு எழுந்து மேசையில் படிந்தது. மாலையில் உப்புசம்; முதல் சில நாட்கள் அப்படித்தான் இருக்கும் என்று போட்டிருக்கிறது.

ஜனவரி 26

முடிவு வந்துவிட்டது. டிஃபிசில் நச்சு இல்லை. குடல் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவும் சரியாக இருப்பதால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்புக் குறைவு என்றார் மருத்துவர். இரத்தம் போகிறதா, எடை குறைந்ததா, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா என்ற மூன்று கேள்விகளை மறுபடியும் கேட்டார். மூன்றுக்கும் இல்லை என்றேன். பொறுத்திருந்தால் பெரும்பாலும் தானாகச் சரியாகும் என்றார்.

புரோபயாட்டிக் பற்றிக் கேட்டதற்கு அவர் தோளைக் குலுக்கியதில் தவறு சொல்ல முடியாது. எரிச்சல் குடலுக்கு இவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. விரும்பினால் 12 வாரம் வரை சாப்பிட்டுப் பார்த்து, பலன் இல்லையென்றால் நிறுத்துங்கள் என்று பிரிட்டன்காரர்கள் சொல்கிறார்கள். ஆய்வுகள் ஏறக்குறைய அவையேதான், முடிவு மட்டும் வேறு. எனக்குப் பிரிட்டன்காரர்கள் சொல்வது பிடித்திருக்கிறது, ஏனென்றால் அதில் நிறுத்தும் தேதி ஒன்று இருக்கிறது.

ஜனவரி 27

அக்காவுக்கு வாங்கிய பெட்டிக்குள் இருந்த மடிப்புத் தாளை இன்றுதான் பிரித்துப் படித்தேன். என் பெட்டியிலும் அதே தாள் இருந்தது. அதைப் பிரிக்காமலே எறிந்திருக்கிறேன். லேபிளின் வாலைப் பதினைந்து நாள் ஆராய்ந்தவன் உள்ளே இருந்த தாளைப் படிக்கவில்லை.

மையச் சிரைக் குழாய், அதாவது இதயத்துக்கு அருகே உள்ள பெரிய இரத்தக் குழாய்க்குள் மருந்து செலுத்தும் குழாய், பொருத்தியவர்கள் இதைப் பயன்படுத்தக் கூடாது. நோய் எதிர்ப்புத் திறன் குறைந்தவர்கள் பயன்படுத்தக் கூடாது. இந்த ஈஸ்ட் அபூர்வமாக இரத்தத்தில் கலந்து தொற்றாகிவிடுகிறது, சிலர் இறந்தும் இருக்கிறார்கள். 2017இல் ஐரோப்பிய மருந்து முகமை இந்த எச்சரிக்கையைக் கடுமையாக்கியிருக்கிறது. சாப்பிடாதவருக்கும் ஆபத்து உண்டு: பொட்டலத்தைக் கிழிக்கும்போது பறக்கும் தூசும், அதைத் தொட்ட கையும் போதும். மையச் சிரைக் குழாய் உள்ள நோயாளி இருக்கும் அறையில் பொட்டலத்தைத் திறக்கவே கூடாதாம்.

அக்காவின் தோலுக்கடியில் மருந்து ஏற்றுவதற்கான போர்ட் இருக்கிறது; அதுவும் அப்படிப்பட்ட குழாய்தான். அவளுடைய வெள்ளையணு எண்ணிக்கையை வாரம் தவறாமல் எனக்குச் சொல்கிறாள்.

இரண்டு பெட்டிகளையும் பைக்குள் கட்டி வெளியே போட்டுவிட்டு, மேசையை மூன்று முறை துடைத்தேன். பிறகு கரண்டியை. பிறகு மறுபடியும் மேசையை.

ஜனவரி 28

பாக்டீரியா வகைகளாவது அவளுக்குப் பாதுகாப்பா என்று தேடி, 2008இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் வந்து நின்றேன். கடுமையான கணைய அழற்சி வந்த 296 பேரில், புரோபயாட்டிக் பெற்ற 152 பேரில் 24 பேரும், வெற்றுப் பொடி பெற்ற 144 பேரில் 9 பேரும் இறந்திருக்கிறார்கள். அக்காவின் நோய் அது அல்ல, அவர்களைப் போல அவளுக்குக் குடலுக்குள் குழாய் வழியாக உணவும் போகவில்லை. இருந்தாலும் "நல்ல பாக்டீரியா" என்ற சொல்லை இனிமேல் என்னால் முன்போலப் படிக்க முடியாது.

அவளிடம் சொன்னேன்: உன் புற்றுநோய் மருத்துவர் சொல்லாமல் எதையும் வாங்க மாட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ எதைத்தான் உடனே செய்திருக்கிறாய்?" என்றாள். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

ஜனவரி 30

இன்று மூன்று முறை.

பிப்ரவரி 1

இன்று ஒரே ஒரு முறை, அதுவும் சாதாரணமாக. ஈஸ்ட்டைச் சாப்பிட்டது மூன்று நாள், நிறுத்தி ஐந்து நாள். அந்தப் பொட்டலங்களா, ஆன்டிபயாட்டிக் முடிந்து ஓடிய ஐந்து வாரங்களா, முடிவு வந்த நிம்மதியா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. நிறுத்தாமல் இருந்திருந்தால் இன்று அந்தப் பெட்டியைப் புகழ்ந்து அரைப்பக்கம் எழுதியிருப்பேன்.

பிப்ரவரி 2

அக்கா வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "எங்கே என் டப்பா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

பிப்ரவரி 2, இரவு

அவளுடைய மருந்துப் பையை அலமாரியில் அடுக்கும்போது, அடியில் ஒரு வெள்ளை பாட்டில் இருந்தது. யாரோ தெரிந்தவர் கொடுத்தாராம். நான் தாமதம் செய்ததால் அதையே தினமும் சாப்பிடத் தொடங்கிவிட்டாளாம். பாதி காலியாகியிருக்கிறது. முன்பக்கத்தில் 5000 கோடி. பின்பக்கத்தில் பதினான்கு பெயர்கள், ஒன்றுக்கும் வால் இல்லை. விளக்கடியில் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒன்பதாவது பெயர் சாக்கரோமைசிஸ் பூலார்டி.

காய்ச்சல் இல்லை, இரண்டு முறை பார்த்துவிட்டேன். மருத்துவமனையின் இரவு எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.