தார்த் தரையும் ஒரு லிட்டர் டீசலும்

சின்ன வயதில் காலில் தார் ஒட்டிக்கொண்டு வந்தால் அம்மா திட்டிக்கொண்டே மண்ணெண்ணெய் நனைத்த துணியால் தேய்த்து எடுப்பார். இங்கிலாந்தில் என் வீட்டு டிரைவ்வேயில், அதாவது வாசலில் கார் நிறுத்தும் தார்த் தரையில், ஒரு லிட்டர் டீசலைக் கொட்டிவிட்டு நின்ற அன்றைக்கு அது ஞாபகம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை.

காரில் டீசல் தீர்ந்து, கேனில் வாங்கி வந்து ஊற்றும்போது புனல் சரிந்துவிட்டது. ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துவிட்டு உள்ளே போய்விட்டேன், மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும் என்று. அதில் இரண்டு தப்பு: தண்ணீர் டீசலை எடுக்காது, பரப்பத்தான் செய்யும், அப்புறம், மழைநீர் வடிகாலில் இறங்கியது பெரும்பாலும் நேரே ஏதாவது ஓடைக்குத்தான் போகும்.

ஒரு வாரம் கழித்து, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பினேன், டயருக்கு அடியில் ஜல்லி நறநறவென்று பெயர்ந்தது. குனிந்து சாவியால் கிளறினால், பாகு இளகிய கடலை மிட்டாயிலிருந்து கடலை கழல்வதுபோல ஒவ்வொரு கல்லாகக் கையோடு வருகிறது. கல்லைப் பிடித்துவைத்திருக்கும் தாரும் பெட்ரோலியத்திலிருந்து வருவதுதான், டீசலும் அதே குடும்பம், ஒன்று மற்றொன்றைக் கரைத்துவிடும். கான்கிரீட்டில் கொட்டியிருந்தால் கறையோடு போயிருக்கும். பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிவிடுவதால் கொஞ்சம் தப்பிக்கலாம். டீசல் உள்ளேயே உட்கார்ந்து வேலை பார்க்கும்.

கொட்டிய உடனே மணலோ, பூனை மலத்தட்டில் போடும் களிமண் குருணையோ கொட்டி மூடி, உறிஞ்சவிட்டு, அள்ளிப் போட்டிருக்க வேண்டும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டு பிரஷ்ஷால் தேய்த்து, அந்த அழுக்குத் தண்ணீரையும் உறிஞ்சி எடுத்துவிடலாம். என்ஜின் ஆயில் சொட்டுக்கும் இதேதான். கறை போகவில்லையே என்று பெயின்ட் தின்னரைக் கையில் எடுத்தால் கறையோடு தரையும் வரும். பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் வைத்து அடித்தால் இளகிய ஜல்லி பறக்கும், அனுபவத்தில் சொல்கிறேன்.

இளகிவிட்ட இடத்துக்கு வைத்தியமே கிடையாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். உளியும் சுத்தியலுமாக ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, டீசல் வாடை வரும் கடைசிக் கல்வரை தோண்டி, ஓரங்களை நேராக வெட்டி, அதில் தார்ப்பூச்சு பூசி, சூடாக்காமலே போடக்கூடிய தார்க்கலவை 25 கிலோ மூட்டை ஒன்றைக் கொட்டித் திமிசால் இடித்தேன். பக்கத்துத் தரையைவிடக் கொஞ்சம் மேடாகவே விடுங்கள், வண்டி ஏறினால் அமுங்கும்.

இதில் வேடிக்கை, டார்மாக் என்கிற இந்தத் தார்-ஜல்லித் தரை பிறந்ததே ஒரு சிந்தலில்தான் என்பார்கள். 1901-ல் இங்கிலாந்தில் டென்பி என்ற ஊரில் ரோட்டில் ஒரு பீப்பாய்த் தார் கொட்டி, அதை மறைக்க யாரோ இரும்பாலைக் கசடைப் போட்டு மூட, அந்த இடம் மட்டும் தூசியில்லாமல் வழவழப்பாக இருந்ததாம். அதைக் கவனித்த எட்கர் ஹூலி என்ற சர்வேயர் 1902-ல் அந்தக் கலவைக்குக் காப்புரிமை வாங்கினார். அவருக்குக் கொட்டியது தார், எனக்கு டீசல்.

ஒட்டுப்போட்ட இடம் இப்போது சாம்பல் தரை நடுவே கன்னங்கரேலென்று ஒரு சதுரமாக இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைத் தாண்டிக் கால் வைக்கிறார்கள், ஈரமென்று நினைத்து.